முள் ஏறாத வண்டியும் உன் அக்காவும்

சிதம்பரம்,
22.1.2012

என் அன்புக்கும், இப்போதைக்கு என் பயத்துக்கும் உரிய மச்சான் செம்பியனுக்கு, உன் மாமா காசிநாதன் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா லோகநாயகி, உன் மனைவி மாலதி, உன் மாமியார் தில்லையம்மாள், பிறந்து மூன்று வாரமான உன் மகள் எல்லோரும் சுகம். புயலில் பறந்த ஓடுகளைத் தவிர வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மஸ்கட்டில் நீயும், நீ ஓட்டுகிற பெட்ரோல் டேங்கர் லாரியும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. குழந்தை பிறந்த நான்காம் நாள் டவர் கிடைத்து நீ பேசியபோது, சந்தோஷத்தில் நான்தான் வாயை விட்டேன், உன் அக்கா காலி டேங்கோடு அண்ணாகிராமம் வரை போய் மாலதியைக் கூட்டி வந்தாள் என்று. பாராட்டுவாய் என்று நினைத்தேன். நீ, "ஏன் மாமா, புயல் அடிச்ச மறுநாளு, டேங்குல சொட்டு பெட்ரோல் இல்லாம, நெறமாசக்காரிய ஏத்திக்கிட்டு வந்தாங்களா? அறிவிருக்கா எங்க அக்காவுக்கு? நடுவழியில நின்னிருந்தா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். உன் அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. அப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை மாலதியிடம் நீட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். அம்மா இல்லாத வீட்டில் உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அதனால், என்ன நடந்தது என்பதை ஆதியிலிருந்து சொல்கிறேன். படித்துவிட்டு நீயே முடிவு பண்ணு.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம் என்பது உனக்குத் தெரியும். நான் இரண்டாவது வகுப்பிலேயே மேலவீதியில் ஒரு டீக்கடையின் பெஞ்சை, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்த பிறகுதான், இடித்துத் தள்ளினேன். சொல்லிக்கொடுத்த சிங்காரம், "சார், நீங்க பக்கத்து சீட்டுக்கு ஏத்த ஆளு" என்று சொல்லிவிட்டார். உன் அக்கா ஐம்பது வயதில் லைசென்ஸ் வாங்கினாள். டாக்டர் ஒருவரிடம் பழைய மாருதி வாங்கி, புவனகிரியில் அவள் கணக்கு நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குத் தானே ஓட்டிப் போய் வருகிறாள். நான் லீவு நாட்களில் பக்கத்து சீட்டில். அங்கேதான் என் பிரச்சினை ஆரம்பம், ஏனென்றால் அந்த சீட்டில் உட்கார்ந்தால் பெட்ரோல் மீட்டர் முள் கண்ணுக்கு நேரே தெரிகிறது.

மச்சான், நான் எந்தப் பாத்திரமும் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்று நினைக்கிறவன். தண்ணீர்த்தொட்டி, அரிசிப்பானை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அப்படித்தான். டேங்க் பாதியானதும் போட்டுவிட வேண்டும், வழியில் என்ன வருமோ யாருக்குத் தெரியும் என்பது என் கட்சி. நீயும் அதே கட்சி என்று தெரியும். ஆனால் உன் அக்கா வண்டியில் அந்த முள் காலிக் கோட்டுக்கும் கீழே மல்லாந்து கிடக்கும். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, எப்போது ஏறினாலும் அப்படியே. கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம், பங்க் வருகிறது, "லோகா, பங்க்" என்கிறேன். "பார்த்தேன்" என்கிறாள். அடுத்த பங்க் வருகிறது. "லோகா!" "அதையும் பார்த்தேங்க. வெளிய பச்சையா வயல் இருக்குது, அதப் பாருங்க." எனக்கு எங்கே வயல் தெரிகிறது? வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் நின்றுவிட்டது என்று பெல்ட்டைக் கழற்றுவேன். கல்யாண வீட்டில் பாயசம் குடிக்கும்போதுகூட, திரும்பிப் போக வேண்டுமே என்ற நினைப்புதான். அவளோ இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஒருமுறை பொறுக்காமல் ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோல் வாங்கி, துண்டு சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பரங்கிப்பேட்டை போவதற்குள் எனக்கே தலை சுற்றியது. உன் அக்கா வண்டியை ஓரம் கட்டி, "ஒண்ணு அது இறங்கணும், இல்ல நீங்க இறங்கணும்" என்றாள். அது இறங்கியது. பைக்கை உருட்டிக்கொண்டு வந்த யாரோ ஒருவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். இதையெல்லாம் நான் முதலில் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். நாளாக ஆகத்தான் புரிந்தது, இது வேறு தினுசு. சில பேருக்கு உள்ளே ஒரு நம்பிக்கை இருக்கும், போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று. அது டேங்கில் இருப்பதில்லை. எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. அவளுக்கு நிறைய இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட வண்டி நடுவழியில் நின்றதில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

இனிப் புயல். டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் தானே புயல் கரையைக் கடந்ததும் கரண்டு போயிற்று, போன் போயிற்று. மறுநாள் காலை சுப்புராயன் என்று ஒரு முந்திரி வியாபாரி, பைக்கைப் பாதி ஓட்டி, மரம் கிடந்த இடமெல்லாம் தூக்கிக் கடந்து, எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். "டீச்சரம்மா, உங்க தம்பி வூட்ல மேலே ஒரு ஓடு இல்ல. மாலதிக்கு வலி கண்டுடுச்சுன்னு அவுங்க அம்மா அழுவுறாங்க. பண்ருட்டி ஆஸ்பத்திரியில அடிபட்டவங்களே தரையில கெடக்குறாங்க. குழந்தை திரும்பல, ஆபரேசனு ஆவலாம்னு முன்னாடியே சொல்லியிருக்காமே, சிதம்பரத்துக்கே கூட்டிட்டுப் போயிடுங்கன்னு நர்ஸு சொல்றாங்க" என்றார். ஆம்புலன்சுக்குச் சொல்ல போன் இல்லை. உன் அக்கா சாவியை எடுத்துக்கொண்டாள். நான் இரண்டு போர்வை, ஒரு பிளாஸ்க், ஒரு அரிவாள் எடுத்துக்கொண்டு ஏறினேன். முள் கீழேதான் கிடந்தது.

புவனகிரி பங்க்கில் ஜெனரேட்டர் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வெள்ளாற்றுப் பாலம் வரை நின்றது. கையில் பாட்டில், குடம், ஒருவர் கையில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற தூக்கு. உன் அக்கா வண்டியை நிறுத்தி அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கியரைப் போட்டாள், போய்விட்டாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், மச்சான். யானை வாழைப்பழக் கடையைக் கண்டும் காணாமல் போகிற மாதிரி.

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் சாலை முழுக்க மரம். அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிக் கிளைகளை இழுப்பதும், ஏறுவதும், மறுபடி இறங்குவதுமாக வேட்டி கிழிந்து பாதியானது. வடலூர் தாண்டி ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி, "வழி இல்லம்மா, திரும்பிடுங்க" என்றார். "எந்தப் பக்கமா போலாம்னு சொல்லுங்க, போலாமான்னு கேக்கல" என்றாள். அவர் சல்யூட் அடிக்கிற மாதிரி நின்று வயல்வரப்பு ஒன்றைக் காட்டினார். அதிலும் போனோம். நெய்வேலிக்கு அப்பால் வைத்திலிங்கம் என்பவர் பைக்குக்காக ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வழி கேட்க நிறுத்தினோம். குனிந்து உள்ளே பார்த்தவர் முள்ளைப் பார்த்துவிட்டார். "ஐயையோ, இதுலயாம்மா பண்ருட்டி போறீங்க?" நான் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குத் தங்கத்தைவிட ஜாஸ்தி மதிப்பான அந்த பாட்டிலை அவரே எங்கள் டேங்கில் கவிழ்த்துவிட்டார். உன் அக்கா ஒருவரிடமும் ஒன்றும் வாங்காதவள். கொடுக்கிற மனசு நோகக் கூடாது என்று பேசாமல் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையையும் குறித்துக்கொள்.

அண்ணாகிராமத்தில் உன் வீட்டு முந்திரி மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. அதைப் பிறகு பேசலாம். மாலதியைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை உன் மாமியார் மடியில் வைத்துத் திரும்பினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கத்தினாள், நான் அவளுக்கு முன்னால் கத்தினேன். பாதி வழியில் அவள், "அண்ணி, பெட்ரோல் இருக்குதா?" என்று கேட்டாள். எனக்கு உயிர் போயிற்று. உன் அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்து, "உன்னைக் கொண்டு போய்ச் சேர்க்கிற அளவுக்கு இருக்குது. நீ மூச்சை விட்டு விட்டு இழு" என்றாள். குரலில் ஒரு நடுக்கம்? கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகுதான் ஸ்டீயரிங்கை விட்டாள். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்து, உன் மகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

நான் இப்போது கட்சி மாறிவிட்டேன், மச்சான். டேங்க் எவ்வளவு இறங்கலாம் என்று யாராவது கேட்டால், ஓட்டுகிறவர் யார் என்று திருப்பிக் கேட்கிறேன். அன்றைக்கு என் கொள்கைப்படி நடந்திருந்தால் நாங்கள் இன்னும் புவனகிரி வரிசையில் நின்றிருப்போம். ஆகவே நீ உன் அக்காவை அறிவு இருக்கிறதா என்று கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை போன் செய்து நல்ல வார்த்தை பேசு. பாலைவனத்து வெயிலில் தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு, உன் லாரியும் நீயும் ஒரு கீறல் இல்லாமல் ஊர் வந்து மகளைத் தூக்கிக் கொஞ்ச எங்கள் எல்லோருடைய வாழ்த்தும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டுக்காரன்,
உன் மாமா காசிநாதன்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்துவிட்டு மாமா தூங்கப் போய்விட்டார். படித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அந்த மீட்டர் கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. நிறைய ஊற்றினாலும் முள் ஏறாது. டேங்கைக் கழற்றிச் சரிபண்ண வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார், வண்டி இல்லாமல் பள்ளிக்கூடம் எப்படிப் போவது என்று விட்டுவிட்டேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது புவனகிரியில் டேங்க் நிறையப் போட்டுவிடுவேன். உன் கட்சிதான் நானும், உன் மாமாவைவிடக் கண்டிப்பு. அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் என் தைரியத்தைப் பற்றி அவர் பேசுகிறபோது கேட்க நன்றாக இருந்தது, இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போய்விட்டது.

புயலுக்கு மறுநாள் மட்டும் கதை வேறு. அரையாண்டு லீவு, முந்தின வாரம் வெள்ளிக்கிழமை போடவில்லை. நடுவில் கடலூர் போய் வந்தது வேறு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வரிசையில் நின்றால் மாலதி தாங்கமாட்டாள், நிற்காவிட்டால் வண்டி தாங்குமோ தெரியாது. நீ திட்டியது நியாயம்தான், அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை கூப்பிடு, பேசுகிறேன்.

ஒன்று மட்டும் இவர் எழுதாமல் விட்டுவிட்டார். டேங்கில் எவ்வளவு இருக்குமென்று எனக்குத்தான் சந்தேகம். இவருக்குச் சந்தேகமே இல்லை, சொட்டு கிடையாது என்று முழுசாக நம்பினார். நம்பிக்கொண்டே கதவைத் திறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போக வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.