ஜொனியின் பாட்டை ஊரே கேட்ட கதை

பண்டாரவளையில் பார்த்துக்கொண்டிருந்த போன் கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பாடகனாவது என்று ஜொனி முடிவெடுத்தான். அப்போது அவனுடைய முதல் பாட்டு வெளிவந்து அரை வருஷமாகியிருந்தது. 'பனிமூட்டப் பைங்கிளி' என்று பெயர். எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது, வீடியோவில் கறுப்புக் கண்ணாடியோடு நமுனுகுல மலையைப் பார்த்து ஏங்கியது எல்லாம் அவனே. கேட்டதும் ஏறக்குறைய அவனேதான். யூடியூப்பில் ஒரே ஒரு லைக் விழுந்திருந்தது. அதுவும் மனைவி டிலக்ஷி போனைத் துடைக்கும்போது கை தவறி விழுந்தது.

அந்த உண்மை தெரிந்த நாளிலிருந்து ஜொனி சவரம் செய்யவில்லை. சோற்றைப் பார்த்தால் பெருமூச்சு, சுவரைப் பார்த்தால் பெருமூச்சு. வாழ்க்கை வெறுத்த மனிதன் சும்மா கிடந்தாலாவது பரவாயில்லை. இவன் இரண்டாவது பாட்டுக்கு மெட்டுத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"வேலைய விட்டாத்தான் புள்ள கலை வளரும்."

"கலை வளரட்டுங்க. வயித்துல ஒண்ணு வளருதே, அதுக்கு?"

"என் வேதனை ஒனக்கு வெளங்காது."

"வெளங்குதுங்க. இந்த லயத்து வரிசை வீடு அத்தனைக்கும் வெளங்குது. பக்கத்து வீட்டு பெரியாயி அக்கா காதுல பஞ்சு வச்சிருக்கு."

சண்டை வரும் என்று ஜொனி தயாராக இருந்தான். வரவில்லை. "அந்தோனியார் கோயில் திருவிழா வருதுல்ல. மேடையில பைங்கிளியப் பாடுங்க. சனத்துக்குப் புடிச்சா வேலைய விடுங்க, புடிக்காட்டி பாட்ட விடுங்க," என்றாள் டிலக்ஷி. நியாயமாகப்பட்டதால் ஜொனி ஒத்துக்கொண்டான்.

அடுத்த வாரமே அதிசயம். பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பைங்கிளியை முணுமுணுத்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். ஜொனி விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருகிறவன். பகலில் ஊரில் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"என்ன புள்ள, பாட்டு பரவிருச்சு போல?"

"ஆமாங்க. சத்தம் கேட்டாலே சனம் ரோட்டுக்கு ஓடுது."

ஜொனி சவரம் செய்துகொண்டான். முதலாளியிடம் சொல்ல வேண்டிய கடைசி வசனத்தைக் கண்ணாடி முன் நின்று பழகினான்.

திருவிழா அன்று மேடையேறி முதல் வரியைப் பாடியதும் பாதிச் சனம் எழுந்து நின்றது. ஜொனிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தான். எழுந்தவர்கள் பையும் சில்லறையுமாகக் கோயில் கேட்டுக்கு வெளியே போனார்கள். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"எங்க தம்பி பாண்?" என்றாள் முன்வரிசை அம்மா ஒருத்தி.

"என்ன பாண்?"

"இது ஜௌபர் நானாவோட பாண் ஓட்டோ பாட்டுத்தானே. நீ ஏன் பாடுற?"

பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்குப் பாண் ரொட்டியும் பணிஸும் கொண்டுவருகிற ஓட்டோவில், பழைய மெட்டுக்குப் பதிலாகக் கொஞ்ச நாளாக ஒலிப்பது அவனுடைய பைங்கிளிதான் என்று ஜொனிக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, அது என் பாட்டுங்க."

"பொழைக்கிற மனுசன்கிட்ட திருடாத தம்பி. சொந்தமா ஒண்ணு பாடு."

தன் பாட்டைத் தானே திருடிப் பிடிபட்ட பாடகன் இந்த ஊவா மாகாணத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"ஜௌபருக்கு என் பாட்ட யாரு குடுத்தது?"

"நாந்தாங்க. ஒருத்தருமே கேக்கலன்னு அழுதீங்களே."

ஜொனி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

"இனிமே செத்தாலும் பாடமாட்டேன். அந்தக் கடையிலேயே கெடந்து அழியிறேன், போதுமா?"

"அந்தோனியார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

டிலக்ஷி போனை எடுத்தாள். "ஜௌபர் நானா, நாளையிலேருந்து பழைய மெட்டையே போடுங்க. நம்ம வேல முடிஞ்சிருச்சு."