ஐந்து தலைகள்

"எண்ணுங்க" என்றாள் மேலாளரம்மா, லிஃப்ட் கதவு மூடியதும்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு." கடைக்குட்டி மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அஞ்சு."

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம். வாசலிலேயே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் வெளியூரில். பத்து மணிக்கு டைரக்டரம்மாவிடம் நேர்காணல். தேறினால் தலைமை மேலாளர் பதவி. கோட்டைவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு இதே நாற்காலிதான்.

"வீட்டை வாசல்லயே விட்டுட்டு வரணும்" என்பது டைரக்டரம்மாவின் வேதவாக்கு. மேலாளரம்மாவும் சும்மா இருக்கவில்லை. "எனக்கு அஞ்சு. ஒண்ணோட நிழலாவது இங்க விழுந்திருக்கா?" என்று மூன்று வருடமாகப் பெருமையடித்து வந்தவள். இப்போது ஐந்து நிழலும் சீருடையோடு நின்றன.

லிஃப்டை விட்டு இறங்கியதும் எதிரே காவலாளி.

"அண்ணே, நீங்க எதையும் பாக்கல."

"இன்னிக்கு நான் எதையுமே பாக்கல மேடம்" என்றார் அவர் அலுப்போடு.

பழைய கோப்பு அறையில் ஐவரையும் அடைத்தாள். தூசியில் கடைக்குட்டி தும்மத் தொடங்கியது. ஜெராக்ஸ் அறைக்கு மாற்றினாள். அங்கே மூன்றாவது தன் கன்னத்தை நகலெடுத்தது; முப்பது கன்னம் வந்து விழுந்தது. அத்தனையையும் பைக்குள் திணித்துவிட்டு, யாரும் வராத கூட்ட அறையில், நீள மேசைக்கு அடியில் எல்லோரையும் தள்ளி, விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டாள்.

நிமிர்ந்தால், வாசலில் டைரக்டரம்மா. "இங்கயே பேசிடலாம். என் ரூம்ல ஏசி சரியில்ல."

டைரக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மேலாளரம்மா விரிப்பை மறைத்தபடி எதிரே உட்கார்ந்தாள்.

"வேலை, குடும்பம், ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"எல்லாம் ஒரு ஒழுங்குதான் மேடம்."

மேசைக்கடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பூனை" என்றாள் மேலாளரம்மா அவசரமாக.

டைரக்டரம்மாவின் முகம் வெளிறியது. "பூனையா? எத்தனை பூனை?"

"தெ... தெரியல மேடம்."

டைரக்டரம்மா எழுந்தேவிட்டார். "சரி, பதவி உங்களுக்குத்தான். கையெழுத்தெல்லாம் அப்புறம்." பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் தன் அறைக்குப் போனார்.

நேர்காணல் இரண்டு நிமிடத்தில் முடிந்த அதிசயத்தை யோசிக்க ஏது நேரம்? மேலாளரம்மா விரிப்பைத் தூக்கினாள். சீருடைகள் உருண்டு புரண்டு வெளியே வந்தன. பார்த்தும் பார்க்காமலும் எல்லாவற்றையும் லிஃப்டுக்குள் அள்ளிப் போட்டாள்.

"எண்ணுங்க."

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு." "அஞ்சு."

"ஆறு."

"ஏழு."

மேலாளரம்மா திரும்பிப் பார்ப்பதற்குள், மூடப்போன கதவைக் கையால் தடுத்தபடி காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அந்தக் கடைசி ரெண்டையும் என்கிட்ட குடுத்துடுங்க மேடம். டைரக்டரம்மா ரூம்லருந்து தப்பிச்சு வந்துடுச்சுங்க. 'அஞ்சு பெத்தவங்க அலட்டிக்காம வேலை பாக்கறாங்க, ரெண்டைப் பெத்துட்டு நான் திண்டாடறது அவங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு காலையிலயே என்கிட்ட கெஞ்சிட்டுப் போனாங்க."