வயர் இல்லாத தோஷம்

செவ்வாய்க்கிழமையானால் விளாங்குடியில் அந்தத் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழைய முடியாது. திருவிழா ஒன்றும் இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெயும் ஊற்றவில்லை. ரேடியோ, ரிமோட், சுவர்க் கடிகாரம், டார்ச் லைட் என்று ஆளுக்கு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தடவுவது போலத் தடவியபடி ஜனங்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கரண்டு சாமி கை வைத்தால் செத்த பொருள் பிழைக்குமாம். ஊரெல்லாம் அதே பேச்சு. 2004ஆம் வருஷம் அது. மதுரையில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்கென்று ஒரு சாமி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

பெயர்தான் கரண்டு சாமி. கரண்டில் ஓடும் எதையும் அவர் தொடமாட்டார். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். காரணம் கேட்டால் தத்துவம் வரும்.

"வயரு உள்ள சாமானுல தோஷம் தங்காதப்பு. வயரு வழியா எறங்கி, போஸ்டு மரத்துக்குப் போயி, பூமியில சேந்துரும். வயரு இல்லாத சாமானுக்குப் போக்கிடம் ஏது? உள்ளயே கெடந்து பெருகும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கூட்டத்தில் இருந்த இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களும் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் எடுப்பது அறிவியல்.

அந்த வரிசையில் ஹம்சவேணி முதல்முறையாக வந்து உட்கார்ந்தபோது அவள் மடியில் இருந்தது ஒரு கீபோர்டு. வயர் இல்லாத கீபோர்டு. கே.கே. நகரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் அனந்தராமனின் கடையில் அவள்தான் டைப் செய்கிறவள். சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய மச்சினர் அந்தக் கீபோர்டைக் கொண்டுவந்து, அவரே எல்லாவற்றையும் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஐந்து மாதம் ஓடியது. ஒருநாள் பாதி முகூர்த்தத் தேதியில் நின்றது. 'சுபயோக சுப' என்று திரையில் இருந்தது. 'தினத்தில்' வரவில்லை.

பழைய கீபோர்டை எடுத்து மாட்டினாள். வேலை நடந்தது. ஆனால் அனந்தராமனுக்குச் சோறு இறங்கவில்லை. சுப என்ற சொல்லில் வந்து நின்றிருக்கிறதே! இது ஏதோ சொல்கிறது என்றார். கீபோர்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் அது சொல்வதை அவரே வாசித்திருக்கலாம். அவர் பஞ்சாங்கத்தைத் திருப்பினார்.

சாமி வீட்டு வாசலில் மொக்கையன் என்பவன் டோக்கன் எழுதினான். பெயர், நட்சத்திரம், யார் தொடுகிற பொருள், அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஆகாவிட்டால் ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதினான். அனந்தராமன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஹம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தவள் சோழவந்தான் செல்லத்தாய். வெற்றிலை வாடை வீசப் பேசினாள்.

"நான் வாரது இது அஞ்சாவது செவ்வா. சாமி குடுத்தா ஒரு வாரத்துக்கு ஜம்முனு ஓடுது. அப்பறம் படுத்துக்கிருது. அம்புட்டுத் தோஷம் எங்க வீட்டுல!"

பத்துப் பொருள் சேர்ந்ததும் மொக்கையன் அவற்றைத் தாம்பாளத்தில் அடுக்கிச் சிவப்புப் பட்டுத்துணியால் மூடி உள்ளே கொண்டுபோவான். கதவு சாத்தப்படும். மணி அடிக்கும். சாம்பிராணிப் புகை கதவிடுக்கில் வரும். அரை மணி கழித்துச் சாமி வெளியே வருவார், நெற்றியில் வியர்வையோடு. அன்று அவர் நீட்டிய கீபோர்டின் முதுகில் ஒரு செப்புத் தகடு ஒட்டியிருந்தது.

"தகட்டப் பிரிக்கப்படாது. பிரிச்ச கை வெளங்காது. சரி, இதத் தொடுறது ஆரு?"

அனந்தராமன் ஹம்சவேணியைக் காட்டினார். சாமி அவள் உள்ளங்கையைத் தொடாமல் தூரத்தில் இருந்தே பார்த்தார்.

"சூட்டுக் கை. தாயி, ஒனக்கு ரெண்டு எடம் கூடி வந்து கலஞ்சிருக்கணுமே?"

வரிசை முழுவதும் அவளைப் பார்த்தது. இரண்டு இடம் கலைந்தது உண்மை. அதை அரை மணிக்கு முன் மொக்கையன் நோட்டில் எழுதிக்கொண்டதும் உண்மை. முதல் உண்மை சுட்டது. இரண்டாவது அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"இன்னும் நாலு செவ்வா பாப்போம். நாலாவதுக்கும் சூடு எறங்கலேன்னா கைய மாத்திருங்க அய்யரே. கடை தப்பிக்கும்."

கையை மாற்றுவது என்றால் ஆளை மாற்றுவது. அது எல்லோருக்கும் புரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அனந்தராமன் மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதேம்மா. நேக்கு உன்மேலே ஒண்ணும் இல்லே. ஆனா கல்யாணப் பத்திரிகை பாரு. நாலு பேர் வாழப்போற காரியம்."

"பழைய கீபோர்டு என் கையில நல்லாத்தானே சார் ஓடுது?"

"அதுக்கு வயர் இருக்கே!"

கேள்வி கேட்கும் முன்பே பதிலைத் தயார் செய்து கொடுத்துவிடுகிற மதத்தை யார் என்ன செய்ய முடியும்?

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான விரல்கள். சுட்டு விரலில் வெங்காயம் நறுக்கிய தழும்பு. இருபத்தொன்பது வருஷமாகக் கூட இருக்கும் கை. இது தனக்குத் தெரியாமல் தனக்கே எதிராக வேலை பார்த்துக்கொண்டிருந்ததா? ஒன்றாம் வகுப்பில் உடைந்த பலகை நினைவுக்கு வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் குடித்த தண்ணீர் டம்ளர், அதைக் கொடுத்தது இந்தக் கைதான். முதலில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் காப்பி நீட்டியதும் இதேதான். உடையாதது, பிழைத்தது, நன்றாக நடந்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பயந்த மனசு ஒரு பக்கத்துச் சாட்சிகளை மட்டுமே கூப்பிடும்.

அம்மாவிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து, வழக்கமாக மகள் ஏற்றும் விளக்கை அம்மாவே ஏற்றினாள். அது சாமி சொன்னதைவிட ஆழமாக இறங்கியது. எதிர்வீட்டுக் குழந்தை தாவி வந்தபோது ஹம்சவேணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடையில் ஸ்விட்சை முழங்கையால் போட்டாள்.

கீபோர்டு சாமி அருளில் ஆறு நாள் ஓடும். ஏழாம் நாள் படுக்கும். செவ்வாய்க்கிழமை விளாங்குடி. தட்டில் காணிக்கை. மறுபடி ஆறு நாள். இப்படி இன்னும் மூன்று செவ்வாய் போனது. பத்து மாதம் பிழை இல்லாமல் அடித்த பெண்ணின் சம்பளம், அவளும் அம்மாவும் சாப்பிடுகிற சோறு, ஒரு கீபோர்டின் தயவில் தொங்கியது.

நாலாவது செவ்வாய்க்கு முந்தின நாள். காலையில் கடைக் கடிகாரம் நின்றிருந்தது. அனந்தராமன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். பெட்டிக்கடையில் வாங்கி வைத்திருந்த பேட்டரிகளில் ஒன்றைப் போட்டார். மிச்சத்தை மேஜைக்குள் வைத்தார். கடிகாரம் ஓடியது. கையைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் கீபோர்டும் படுத்தது.

ஹம்சவேணி கடிகாரத்தைப் பார்த்தாள். இந்தக் கடையில் அதிகம் அதைப் பார்க்கிறவள் அவள்தான். அவள் கண் பட்டு நின்றதென்று அவர் ஏன் சொல்லவில்லை? அதற்கும்தான் வயர் இல்லை. தகடு ஒட்டவில்லை, மணி அடிக்கவில்லை. ஒரு நிமிஷ வேலை. சாமி ஏற்றுக்கொள்கிற பொருள்களை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். ரேடியோ. ரிமோட். கடிகாரம். டார்ச். அருள் சுரக்கும் பொருள் எதிலும் பேட்டரி இருந்தது. பேட்டரி இல்லாத ஒரு பொருளுக்காவது சாமி அருளியதுண்டா?

கீபோர்டைக் கவிழ்த்தாள். செப்புத் தகடு மினுங்கியது. நகத்தை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு எடுத்தாள். பிரித்த கை விளங்காது. யோசித்தாள். விளங்காத கை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்றே, இன்னும் போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பிரித்தாள். தகட்டுக்குக் கீழே ஒரு சின்ன மூடி. மூடிக்குள் இரண்டு பேட்டரி. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, வேறு வேறு கம்பெனி. சிவப்பின் உடம்பில் வரிசையாகப் பல் தடம். ஓய்ந்துபோன பேட்டரியை யாரோ கடித்துப் பார்த்திருக்கிறார்கள், கடித்தால் இன்னும் இரண்டு நாள் ஓடும் என்று. ஒரு மாதமாகக் காலையில் அவள் தொட்டுக் கும்பிட்ட அருள், எவரோ கடித்துத் துப்பியது.

மேஜைக்குள் இருந்த புதுப் பேட்டரி இரண்டைப் போட்டாள். சூட்டுக் கையால், ஒவ்வொரு விரலாக, தன் பெயரை அடித்தாள். திரையில் ஹம்சவேணி வந்தாள். ஒரு எழுத்துகூட விடுபடவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. சாமிமேல் கொஞ்சம், தன்மேல் அதிகம். ஒரு மூடியைத் திறக்க ஒரு மாதமா?

அனந்தராமனிடம் இப்போது சொன்னால் என்ன சொல்வார்? அருள் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்பார். ஆகவே சொல்லவில்லை. செத்த பேட்டரிகளையே திரும்பப் போட்டாள். நெற்றிக்கு வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இரண்டு பச்சைப் பொட்டை எடுத்துப் பேட்டரிக்கு ஒன்றாக ஒட்டினாள். மூடியைச் சாத்தி, தகட்டைப் பசை தடவி ஒட்டினாள்.

மறுநாள் வரிசையில் உட்கார்ந்ததும் மடித்த சீட்டு ஒன்றை அனந்தராமன் கையில் கொடுத்தாள். "பூஜை முடிஞ்சதும் பிரிச்சுச் சத்தமாப் படிங்க சார்." வேண்டுதல் சீட்டு என்று நினைத்து அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தாம்பாளம் உள்ளே போனது. மணி அடித்தது. சாமி வியர்வையோடு வந்தார். சோதித்துக் காட்ட ஓரத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டரில், கூடவே கொண்டுவந்த ரிசீவரைச் சொருகியதும் கீபோர்டு துள்ளி ஓடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சார், படிங்க."

அனந்தராமன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "கீபோர்டுக்குள்ளே ரெண்டு பேட்டரி. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கறுப்பு. ரெண்டிலும் பச்சைப் பொட்டு... என்னம்மா இது?"

அவர் முடிப்பதற்குள் ஹம்சவேணி தகட்டைக் கிழித்துவிட்டாள். மூடியைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினாள். இரண்டும் நீலம். பொட்டு இல்லை.

"சாமி, என் பொட்டு எங்க?"

"பேட்டரிக்கு எவளாச்சும் பொட்டு வைப்பாளா?" என்றான் மொக்கையன்.

"ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கே வைக்கிறோம்ணே. இதுக்கு வச்சா என்ன?"

சாமி சிரித்தார். "மந்திரச் சூட்டுல பொட்டு கரைஞ்சிருச்சு தாயி."

"பொட்டு கரையட்டும். செவப்பும் கறுப்பும் எப்படி நீலமாச்சு?"

"சித்து!" என்று அறிவியல் வாத்தியார் உருகினார். நாலு பேர் மறுபடி கன்னத்தைத் தேடினார்கள். திறந்த கீபோர்டைப் பிடித்தபடி ஹம்சவேணி கூட்டத்தைப் பார்த்தாள். கண்ணால் பார்த்ததையும் கும்பிடுகிறவர்களிடம் எதைக் காட்டுவது?

அப்போது செல்லத்தாய், அதே தாம்பாளத்தில் போய் வந்த தன் ரிமோட்டின் முதுகை நகத்தால் நெம்பினாள். திறந்ததும் கத்தினாள்.

"இந்தா ஆத்தா! ஒன் பச்சைப் பொட்டு எங்கிட்டல்ல இருக்கு!"

சிவப்புப் பேட்டரியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மாறியது.

"அடியாத்தீ! இது எங்க வீட்டுக்காரரு பல்லுல்ல! முன்பல்லு இல்லாத எடம் அப்பிடியே தெரியுதே! இத நான் எட்டு வாரத்துக்கு முன்னாடி இவருகிட்டக் குடுத்தேன்யா!"

சிரிப்பு பின் வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. ஆளாளுக்குத் தன் மடியில் இருந்ததைப் பிளந்தார்கள். "என் ரேடியோவோட பேட்டரி உன் கடிகாரத்துலயா?" "டார்ச்சுல கெடந்தது இங்க எப்படிய்யா வந்துச்சு?" ஒருத்தன் பொருளில் ஓய்ந்தது இன்னொருத்தன் பொருளில் நாலு நாள் ஓடும். அங்கே ஓய்ந்தால் அடுத்தவனுக்கு. சொந்தக் காசில் ஒரு பேட்டரிகூட வாங்காமல் சாமி சித்தராகிவிட்டார்.

இரண்டு பேர் உள்ளே புகுந்தார்கள். கருவறையில் தெய்வம் எதுவும் இல்லை. ஒரு பிஸ்கட் டின் நிறையப் பேட்டரி. எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஒரு டார்ச் பல்பு. பல்பில் இரண்டு துண்டு வயர்.

"அட, காசிமாயன்! டவுன்ல வாட்ச் கடையில டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தவன்டா இவன்!" என்று ஒரு குரல் கேட்டது. சாமி பின்வாசல் வழியாகப் போனார். மொக்கையன் டோக்கன் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தான்.

அனந்தராமன் சீட்டைக் கையில் வைத்தபடியே நின்றார். ஹம்சவேணியின் முகத்தைப் பார்க்க அவருக்குச் சிரமமாக இருந்தது. கடைசியில் கண் கலங்கச் சொன்னார்.

"நான் தப்பு நெனச்சுட்டேம்மா. நாளைக்கு எப்பவும்போல வந்துடு. நீ தொட்டுத்தான் அவன் குட்டு உடைஞ்சுது. உன்னுது ராசியான கை!"

அவ்வளவுதான். கூட்டம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. "ஆமா, கைராசிக்காரி!" கண் சிமிட்டும் நேரத்தில் அவளைச் சுற்றி ரேடியோவும் கடிகாரமும் நீண்டன. செல்லத்தாயே ரிமோட்டை அவள் கையில் திணித்தாள்.

"ஒருக்காத் தொட்டுக் குடு தாயி. நல்லா ஓடட்டும்."

ஹம்சவேணி தன் கையைப் பார்த்தாள். ஒல்லியான விரல்கள். வெங்காயத் தழும்பு. காலையில் இருந்த அதே கை. ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல ராசியும் இல்ல, தோஷமும் இல்லக்கா. அஞ்சு விரல்தான் இருக்கு. ரிமோட்டுக்குப் பெட்டிக்கடையில புதுப் பேட்டரி வாங்கிப் போடுங்க." கொஞ்ச தூரம் போனவள் திரும்பிக் கூட்டத்தையும் வாத்தியாரையும் ஒருதரம் பார்த்தாள். "சாமானப் பிளந்து பாக்க இப்பத்தான் கத்துக்கிட்டீங்க. கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதையும் அப்பப்பத் தெறந்து பாருங்க. அதுக்கும் வயரு கெடையாது. ஆனா அதுல போடுறதுக்குக் கடையில ஒண்ணும் கெடைக்காது."