நகுலேஸ்வரன் சித்தப்பா வீட்டு பிறீசரில் இருக்கும் மான்தலை சம்பந்தமாக

மொன்றியல்,
14.11.2006

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் பெறாமகள் கௌசலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சித்தியும் சுகமாயிருக்க வேண்டுமென்று நேற்றிலிருந்து வழமையைவிடக் கூடுதலாகவே மன்றாடிக்கொண்டிருக்கிறேன். ஏன் கூடுதல் என்பது கீழே வரும். இங்கு நானும் இவரும் துவாரகாவும் நலம். மான்கள் இருபத்திரண்டும் நலம். இருபத்துமூன்றாவது மான் பதினொரு வீடுகளில் சமைக்கப்பட்டுச் சீரணித்தும் முடிந்துவிட்டது. அதன் தலை மட்டும் தங்கள் பிறீசரில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடவேண்டாம்.

ரெலிபோன் எடுத்திருக்கலாமே என்பீர்கள். பதினாறு தரம் எடுத்தேன். தம்பி சாம்பவன் இன்டர்நெட்டில் இருக்கிறான் போல, லைன் எந்த நேரமும் பிஸி. ஆகவே நாளை ரொறன்ரோ வருகிற பத்திநாதர் அண்ணையின் வானில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வியாழன் அவர் திரும்பும்போது தலையும் அவரோடு வரவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் அது மிருக வைத்தியரின் கையில் இருக்காவிட்டால் என் வாழ்க்கையில் இன்னும் ஐந்து வருசம் போச்சு. எழும்பிப்போய் பிறீசரை ஒருக்கால் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கோ.

இவரும், இவரோடு டோர்வல் எயார்போர்ட்டில் சூட்கேஸ் ஏற்றுகிற மட்டக்களப்பு அருமைராசா அண்ணையும் சேர்ந்து, ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடிப் போகிற தூரத்தில் மான் வளர்க்கிற கதை தங்களுக்குத் தெரியும். தெரியாதது, நான் படுகிற பாடு. சனி ஞாயிறு வந்தால் இவர் மான்களோட. கலியாண வீட்டுக்கு நான் தனிய, கோயிலுக்கு நான் தனிய, துவாரகாவின்ர மூன்றாவது பிறந்தநாள் கேக்கையும் நான் தனிய நிண்டுதான் வெட்டினனான். ஆக்கள் "வசி எங்க பிள்ளை?" எண்டு கேட்டால் "மானுக்கு வயித்தோட்டம்" எண்டு சொல்லவேண்டிக் கிடக்கு. பல்கலைக்கழகத்தில படிச்சனான் சித்தப்பா, இதைச் சொல்லவோ படிச்சது? கடைசியில ஒரு வழி பிறந்தது. மானுக்கு ஒரு வருத்தம் இருக்காம், மூளையில தொடங்கி உடம்பு உருகி உருகிச் சாகுமாம். எங்கட மான் ஒண்டுக்கும் அது இல்லை, ஆனால் இல்லை எண்டு காட்டவேணும். ஒரு வயது தாண்டின மான் எது செத்தாலும் தலையை அனுப்பி மூளையைச் சோதிக்கவேணும். ஐந்து வருசம் ஒரு தலையும் தவறாமல் அனுப்பினால் "இந்த மந்தை சுத்தம்" எண்டு பேப்பர் வரும். அந்தப் பேப்பரோட எண்டால் எல்லா மானையும் சேர்த்து வாங்க ஒன்ராறியோவில ஒருத்தர் காத்துக்கொண்டிருக்கிறார். "பேப்பர் வந்தால் அடுத்த கிழமையே வித்துப்போட்டு வீட்டில இருப்பன்" எண்டு இவர் எனக்கு வாக்குத் தந்தவர். அதுக்கு இன்னும் ரெண்டே ரெண்டு மாதம்தான் கிடந்தது.

அதுக்குள்ள காசநோய் இருக்கோ எண்டு சோதிக்கிற ஊசி வந்தது. எங்கட மிருக வைத்தியர் பற்றிக், நல்ல பொடியன், ஒவ்வொரு மானின்ர கழுத்திலயும் ஊசி போட்டுவிட்டுப் போனால் மூன்றாம் நாள் திரும்பி வந்து, அந்த இடம் வீங்கியிருக்கோ எண்டு தடவிப் பார்ப்பார். முதல் நாள் ஏமாந்த மான் மூன்றாம் நாளும் வந்து கழுத்தை நீட்டுமோ? பதினேழாம் நம்பர் வேலியைப் பாஞ்சு காலை முறிச்சுப்போட்டுது. பற்றிக் பார்த்துப்போட்டு, இனி ஏலாது, முடிச்சுவிடுங்கோ எண்டார். தலையை பிறீசரில வையுங்கோ, அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் வந்து எடுக்கிறன், ரிசல்ட் வரும்வரைக்கும் இறைச்சியை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டும் சொன்னவர். அவற்ற கார் தெருவில ஏற முதல் அருமைராசா அண்ணை இறைச்சி வெட்ட நீலப் படங்கை நிலத்தில விரிச்சுப்போட்டார்.

"ரிசல்ட் வரட்டும் அண்ணை" எண்டன், அண்டைக்கெண்டு அங்க போயிருந்த நான்.

"தங்கச்சி, ரிசல்ட் வர மூண்டு கிழமை. அதுவரைக்கும் ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது? ஒரு உருப்படி விழுந்தால் பங்கு போடாமல் விடுறதோ? பதினொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடு மனே!"

எடுத்தது இவர். ஊரில ஆட்டுப் பங்கு போடுற மாதிரியே பதினொரு குவியல். ஒவ்வொண்டிலயும் ஈரலில ஒரு துண்டு, நெஞ்செலும்பில ஒரு துண்டு, கொழுப்பில ஒரு துண்டு. சட்டம் தெரியாத மனுசனெண்டாலும் தராசு மாதிரிக் கை. பொய் சொல்லக்கூடாது, நானும் ரெண்டு கோப்பை சாப்பிட்டனான். பேந்து பயம் பிடிச்சு பற்றிக்குக்கு ரெலிபோன் எடுத்து, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சாப்பிட்டிட்டார், என்ன செய்யிறது எண்டு கேட்டன். மனுசருக்கு இது தொத்தினதாக இதுவரை தெரியாது, ஆனாலும் அந்த ஒருத்தர் இனிச் சாப்பிடாமல் இருந்தால் நல்லது எண்டார். இந்த வருத்தம் வந்தால் மெலியுமாம். நான் ஒவ்வொரு நாளும் விடிய நிறை பாக்கிறன். ரெண்டு கிலோ கூடியிருக்கு. வாழ்க்கையில முதல்தரம் நிறை கூடினதுக்கு நேர்த்தி வைச்ச பொம்பிளை நான்தான்.

தலை எங்கட வீட்டு பிறீசருக்கு வந்தது. அங்கதான் அடுத்த பிழை. திங்கட்கிழமை துவாரகாவை பகலில விடுற கார்டறியில இருந்து ஆசிரியை ரெலிபோன் எடுத்தா. "மதாம், உங்கட மகள் எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லுறாள், பப்பா தலையை வெட்டி ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறாராம். அது யாருடைய தலை, மதாம்?" எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில "பதினேழாம் நம்பருடையது" எண்டு சொன்னன். அது உதவேல்லை. நேரில போய், மானின்ர படம் கீறிக் காட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தன். வந்த கையோட இவரிட்ட, இண்டைக்கே அது இந்த வீட்டை விட்டு வெளிய போகவேணும் எண்டு நிண்டன். "சரி சரி, அருமையண்ணை வீட்டில வைக்கிறன்" எண்டு கறுப்புப் பையில சுத்திக்கொண்டு போனார்.

நேற்று பற்றிக் வந்தார். நாங்கள் மூண்டுபேரும் அருமைராசா அண்ணை வீட்டுக்குப் போனம். அவற்ற பிறீசரில இடியப்பம் கிடக்கு, சூடைமீன் கிடக்கு, தலை இல்லை. அண்ணை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"தலையோ? அது போன புதன்கிழமை பத்திநாதற்ற வானில ரொறன்ரோ போட்டுதெல்லோ, தங்கச்சி. உங்கட சித்தப்பாவுக்குப் பங்கு போகேல்லை எண்டு... நான்தான் பிழை விட்டிட்டன்."

எனக்கு வந்த கோபம்! அந்தத் தடிமாட்டு மனுசனுக்கு மூளை எண்டது கறிக்குள்ள போடுற சாமான் மட்டும்தான். ஐந்து வருசம் ஏழு தலை ஒழுங்கா அனுப்பி, எட்டாவது தலையைத் தலைக்கறிக்கு அனுப்பின மடையன் இந்த உலகத்தில வேற ஆரும் இருப்பினமோ? வீட்டை வந்து ரெலிபோன் மெசினைத் தட்டினால் உங்கட குரல்: "பிள்ளை, பங்கு கிடைச்சுது, நல்ல சாமான். சனிக்கிழமை சித்தியின்ர பிறந்தநாளுக்குக் காய்ச்சுவம்." இவர் பாவம், அதிர்ச்சியில தேத்தண்ணி போட்டுக் குடிச்சுக்கொண்டிருந்தார். பற்றிக் சொல்லிப்போட்டார், வெள்ளிக்கிழமைக்குள்ள தலை வராவிட்டால் கணக்குத் திரும்ப முதலாம் வருசத்தில இருந்து.

ஆகவே சித்தப்பா, தலை உறைஞ்சபடியே, காதில தொங்கிற மஞ்சள் தகடு கழலாமல், ஐஸ் பெட்டியில வைச்சு அனுப்பிவிடுங்கோ. தகடு இல்லாட்டி அது ஊர் பேர் தெரியாத தலை, ஒருத்தரும் ஏற்கமாட்டினம். சித்திக்குக் கோழி வாங்கிக் காய்ச்சுங்கோ.

சித்திக்கு என் பிறந்தநாள் வாழ்த்து. தாங்கள் இருவரும் நோய்நொடியின்றி, முக்கியமாக மூளையில் ஒரு குறையுமின்றி, நீண்டகாலம் வாழவேண்டுமென்று வேண்டி, துவாரகாவின் முத்தங்களுடன் முடிக்கிறேன்.

என்றும் அன்புள்ள,
கௌசலா

பி.கு.: கடித உறையை ஒட்டமுதல் இவர் வேலையால வந்து வாசிச்சார்.

"அருமையண்ணையை ஏன் இப்பிடித் திட்டி எழுதியிருக்கிறீர்?"

"பின்ன? தலையை வானில குடுத்தது ஆர்?"

கடிதத்தை மடிச்சு மேசையில வைச்சுப்போட்டு, "நான்" எண்டார்.

"என்ன?"

"பேப்பர் வந்தால் விக்கவேணுமெல்லோ கௌசி. உமக்கு வாக்குத் தந்திட்டன். வாக்கை மீறேலாது. அதான்... பேப்பர் வராமல் பாத்தன். அருமையண்ணை பாவம், தான் ஏற்கிறன் எண்டு சொன்னவர்."

ஆகவே சித்தப்பா, அருமைராசா அண்ணையைப் பற்றி மேல எழுதின எல்லாத்திலயும் அவற்ற பேரை வெட்டிப்போட்டு உங்கட மருமகன்ர பேரைப் போட்டு வாசியுங்கோ. கடிதத்தைப் பத்திநாதர் அண்ணை கொண்டுவரமாட்டார். அவற்ற வானில இவருக்கு ஒரு சீற் எடுத்திருக்கிறன். இப்ப உங்களுக்கு முன்னால கதிரை நுனியில இருந்து, நீங்கள் எந்த வரிக்கு வந்திட்டியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறவர்தான் ஆள். சாப்பாடு குடுங்கோ, பேசுறதைப் பேந்து பேசுங்கோ. திரும்பி வரேக்க பெட்டியை வானின்ர பின்பக்கத்தில வைக்க விடவேண்டாம். ரொறன்ரோவில இருந்து மொன்றியல் மட்டும் மடியில வைச்சுக்கொண்டு வரட்டும்.