சங்கத்தை ஆரம்பித்தவர்

"இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சது யாரு?" என்று கேட்டார் கட்டடக்காரர்.

"எனக்கென்ன தெரியும்? நான் சங்கத்து ஆளே இல்லை" என்றார் மெக்கானிக். கட்டடக்காரர் கையில் புதுப் பூட்டு ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்கத்தான் மெக்கானிக் சங்கத்து வாசலில் நின்றார்.

"எங்கப்பா இந்த ரூமை வாடகையில்லாம விட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். யாருக்கு விட்டார், எதுக்கு விட்டார், ஒண்ணும் தெரியலை. ஆரம்பிச்ச ஆள் வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும். நாளைக்குக் காலையில வரலைன்னா, போர்டை அழிச்சுட்டுப் பூட்டிடுவேன்."

மெக்கானிக் வீட்டை நோக்கி வேகமாக நடந்தார்.

சங்கத்தின் மேல் அவருக்குப் பாசம் எதுவும் கிடையாது. ஆயுசுக்கும் லாரிப் பட்டறையில் கிடந்த மனிதர். சும்மா செய்கிறேன் என்று எவன் வந்தாலும் முதலில் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் மனைவிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து, காலை தவறாமல் சங்கத்து ஆட்கள் வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்து, கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பழக்கினார்கள். போன வாரம் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் தானாக எழுந்து நின்றாள். எந்த வீட்டுக்கு யார் போவது என்று அவர்கள் பேசிப் பிரிவது அந்த அறையில்தான். அதைப் பூட்டினால் ஆளுக்கொரு பக்கம் சிதறுவார்கள். அவள் மறுபடி படுக்கைதான்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"இவங்க நம்மகிட்ட எதைச் சுருட்டப் பாக்கிறாங்கன்னு தினமும் கேப்பீங்களே. இப்ப என்ன, அவங்களுக்காக அலையறீங்க?" என்று மனைவி சிரித்தாள். சிரிப்பு இன்னும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

"அலையலை. விசாரிக்கிறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சங்கத்தில் பழைய ஆள் தையல்காரம்மா. மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"நானா ஆரம்பிச்சேன்? நல்ல கதை! நான் வந்தப்பவே கம்பவுண்டர் உள்ள நின்னாரு. அவருதான். வெள்ளம் வந்த வருஷம் என்ன செஞ்சாரு தெரியுமா? ஆஸ்பத்திரிக் கதவைக் கழட்டி, நோயாளிங்களை அதுல படுக்கவெச்சு, கழுத்தளவு தண்ணியில தள்ளிக்கிட்டே போனாரு. நீச்சல் தெரியாத மனுஷன்!"

மெக்கானிக் கம்பவுண்டரைத் தேடிப் போனார். அவர் மருந்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"ஐயையோ, நான் இல்லைங்க. நான் வந்தப்ப தையல்காரம்மாதான் உள்ள இருந்தாங்க. அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பஞ்சு மில்லு எரிஞ்சப்போ, தைக்க வந்த ஊரார் துணியையெல்லாம் அள்ளி நனைச்சு, வெந்த உடம்புகளுக்குப் போத்தினாங்க. அப்புறம் அத்தனை பேருக்கும் புதுசு தெச்சுக் கொடுத்தாங்க. யாரும் திட்டக்கூட இல்லை."

மெக்கானிக் வாயைப் பிளந்தபடி நின்றார். பொய் கேட்பது அவருக்குப் பழக்கம். லாரி முதலாளிகள் சொல்லாத பொய்யா? ஆனால் பொய் சொல்லுகிறவன் தன்னைப் பற்றித்தானே சொல்லுவான்? இவர்கள் அடுத்தவரைப் பற்றி அல்லவா அளக்கிறார்கள்!

இரண்டு பேரையும் சங்கத்து அறைக்கே இழுத்து வந்தார். அங்கேதான் வினை.

"நீங்கதான்யா ஆரம்பிச்சீங்க. ஒத்துக்குங்களேன்!"

"சத்தியமா நான் இல்லைம்மா. நீங்கதானேன்னு இத்தனை வருஷமா உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

"நான் உங்க பேச்சையில்ல கேட்டுக்கிட்டு இருந்தேன்!"

தலைவர் நாற்காலியில் அவர் உட்காரட்டும் என்று இவளும், இவள் உட்காரட்டும் என்று அவரும் விட்டதில் அது வருஷக்கணக்காகக் காலியாகவே கிடந்திருக்கிறது. மற்றவர்கள் தினமும் பயபக்தியோடு துடைத்து வைத்திருக்கிறார்கள்.

"அப்ப நமக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் இருந்திருக்கணும்" என்றாள் தையல்காரம்மா. "பேரு கூடச் சொல்லிக்காமப் போயிருக்காரு."

கூச்சலைக் கேட்டு எட்டிப் பார்த்த கட்டடக்காரர், "ஆக, ஆரம்பிச்ச ஆளே கிடையாது!" என்று சொல்லிவிட்டு, போர்டை அழிக்க ஆள் சொல்லப் போய்விட்டார்.

விசாரித்துக் கெடுத்தோமே என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை. பக்கத்து ஊரில் இருந்த மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவன் வாயைத் திறந்தால் ஆரோக்கியமாக இருப்பவனுக்கும் உயிர்ப்பயம் வந்துவிடும்.

"மாமா, நான்தான் சங்கத்தை ஆரம்பிச்சவன்னு சொல்லணுமா? மாட்டிக்கிட்டா?"

"சங்கத்து ஆளுங்க வர்றதுக்குள்ள வா. கட்டடக்காரன்கிட்ட ஒரே வார்த்தை. உடனே ஓடிடு. உங்கக்கா எந்திரிச்சு நடக்கணுமா வேணாமா?"

மறுநாள் காலை மச்சான் வெள்ளைச் சட்டையில் வந்து, தலைவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். எதிரே கட்டடக்காரர். வெளியே போர்டை அழிக்க வந்த பெயின்டர் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஆரம்பிச்சவன்" என்று மச்சான் சொல்லி முடித்த அதே நேரத்தில் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் உள்ளே நுழைந்தார்கள். அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார்கள்.

தொலைந்தோம் என்று மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவருதான் ஆரம்பிச்சவராம்" என்றார் கட்டடக்காரர்.

மெக்கானிக் ஒரு கண்ணைத் திறந்தார். கம்பவுண்டர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தையல்காரம்மா மெல்ல வந்து மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க? நீங்க விட்டுட்டுப் போனதை எங்களால முடிஞ்ச மட்டும் பாத்துக்கிட்டோம். ஏதாவது குறை இருந்தாச் சொல்லுங்க."

மச்சானுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச்சு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "நான்... நான் ஒண்ணுமே செய்யலைம்மா" என்றான். அவன் பேசியதில் அது ஒன்றுதான் நிஜம்.

"பாத்தீங்களா! தன்னைப் பத்திச் சொல்லிக்கவே வரலை. அவரேதான்!" என்று கம்பவுண்டர் தேம்பினார்.

கட்டடக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பூட்டைப் பையில் போட்டார். "எங்கப்பா ஆள் தெரிஞ்சுதான் விட்டிருக்கார். நீங்களே வெச்சுக்குங்க."

மெக்கானிக் மெல்ல வெளியே நழுவினார். முகம் தெரியாத ஒருவருக்காகவா இவ்வளவும் செய்தார்கள்? எப்பேர்ப்பட்ட மனிதராக இருந்திருப்பார் அவர்! அந்த இடத்தில் போய் மச்சானை உட்காரவைத்தோமே என்று கூசியது. வீதிக்கோடியில் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அழிக்கவா, வேண்டாமா?" என்று ஏணி மேலிருந்து கேட்டார் பெயின்டர். வயசாளி.

"வேண்டாம் பெரியவரே. எழுத்தைப் புதுப்பிச்சாப் போதும்."

பெயின்டர் பெருமூச்சு விட்டார். ஏணியிலிருந்து இறங்கி, உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

"நல்லவேளை சாமி. இவங்கப்பா வாடகை வேணாம்னு கொடுத்த இந்த ரூம்ல நான் கடை போட்ட புதுசுல, என் எழுத்தழகைக் காட்ட வாய்க்கு வந்த ஒரு சேவைச் சங்கத்துப் பேரை போர்டுல எழுதி மாட்டிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா உள்ள ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் நின்னுக்கிட்டு, 'நான் என்ன வேலை செய்யணும்'னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்படி ஒரு சங்கமே கிடையாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, கடையை அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்."