கண்டெடுத்த நிலையில்

முன்னோரின் பெருமையை மூன்று வேளையும் பேசியே பசியாறிய நாடு ஒன்று இருந்தது. அங்கே ஓட்டாங்காட்டு மேட்டில் குடிசை போட்டிருந்தவள் சீனித்தாய். அந்த மேட்டில் அடுக்குமாடி வீடுகள் கட்டி, குடிசைக்கு ஒரு வீடும் பட்டாவும் தருவதாக மன்னர் அறிவித்தார். சீனித்தாய் தன் குடிசையைத் தானே சந்தோஷமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, புருஷன் வெள்ளையனோடும் மகளோடும் சாலையோரம் போய் உட்கார்ந்தாள்.

வீடு கட்டும் முன் மண்ணுக்குள் பழைய எச்சம் ஏதும் உண்டா என்று சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது அந்நாட்டு வழக்கம். வெட்டினார்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய செங்கல் சுவரும் உறைகிணறும் வெளிப்பட்டன. தொன்மைத் துறை அமைச்சர் நெகிழ்ந்துபோய் ஆணை பிறப்பித்தார்: இம்மேட்டில் முதலில் குடியிருந்தவர்கள் இந்தச் சுவரைக் கட்டிய முன்னோர்களே, எனவே வீடுகளும் முதலில் அவர்களுக்கே.

"செத்துப்போனவுக வந்து வீடு கேட்டாகளா சாமி?" என்றான் வெள்ளையன்.

"கேட்கமாட்டார்கள். அதனால்தான் அவர்கள் நல்ல குடிமக்கள்," என்றார் அமைச்சர்.

குழியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வீடுகள் எழும்பின. எண்ணூறு வயதுக்காரர்கள் சார்பில் சாவிகளை அமைச்சரின் மைத்துனர் வாங்கிக்கொண்டார். அடுத்த தேர்தலில் அவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மன்னருக்கே வாக்களித்தார்கள். சாலையோரத்தில் கிடந்தவர்களுக்கு முகவரி இல்லை. ஆகவே வாக்கும் இல்லை.

பிறகு, குழியில் செங்கல் களவு போகிறதென்று இன்னோர் ஆணை வந்தது. குழிக்குள் காணப்படும் எதுவும் தொல்லெச்சம்; அதை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது. தண்டோராக்காரன் இதைச் சொல்லிவிட்டுப் போனதும் சீனித்தாய் எழுந்தாள். சட்டி பானை, புருஷன், பிள்ளை என்று மொத்தக் குடித்தனத்தையும் குழிக்குள் இறக்கினாள்.

காலையில் அதிகாரிகள் எட்டிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் விரட்டிவிடுவார்களோ என்று மூவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். எச்சத்துக்கு உயிர் இருக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆகவே வேலி போட்டு, காவல் வைத்து, 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று பலகை மாட்டினார்கள்.

இனி நம்மை எவனும் கிளப்ப முடியாது என்று சீனித்தாய்க்கு அன்றைக்கு நல்ல தூக்கம். மழை வந்து, தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டப் போனபோதுதான் காவல்காரர் சட்டத்தின் மீதியை வாசித்தார். சின்னம் கண்டெடுத்த நிலையிலேயே இருக்க வேண்டும். கூரை கூடாது. கிழிந்த சேலையை மாற்றக் கூடாது. மகளைப் பள்ளிக்கு அனுப்பினால் சின்னத்தைச் சிதைத்த குற்றம்.

ஒருநாள் மன்னரே பார்வையிட வந்தார். குழியைக் காட்டிப் பெருமிதத்தோடு பேசினார்:

"நம் குடிமக்களை எண்ணூறு ஆண்டுகளாக எந்த மாற்றமும் இல்லாமல் காத்து வருகிறோம்."

கைதட்டல் அடங்கியதும் சீனித்தாய் எழுந்து நின்றாள்.

"மேல ஒரு கூரையும் எங்க பேருக்கு ஒரு பட்டாவும் போட்டுக் குடுத்திருங்க சாமி. அது போதும்."

மன்னர் முகம் சுளித்து அமைச்சரைப் பார்த்தார்.

"கண்டெடுத்தபோது இது பேசியதா?"

"இல்லை மன்னா. வாயே திறக்கவில்லை."

"பிறகென்ன? அந்த நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள்."