சூப்புக்குள் போன எங்கள் ஊர்

அப்போது எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் வரும். அதை ஒளிக்கப்போய் ஒரு ஊரையே அவியவிட்டவள் நான். (இப்போது பரவாயில்லை. இதை நானே எழுதுகிறேன், மூன்று கிழமையாக.)

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோவில் நடந்தது. மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரில் சண்டை ஓய்ந்து, சனம் இடிந்த வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோவில் இத்தாலிக்காரர் உதவி அனுப்ப ஆயத்தம்.

"அவைக்குக் கண்ணீர் காணாது, புள்ளிவிவரம் வேணும்," என்றார் எங்கள் பங்குச் சுவாமி. "எத்தனை வீடு கூரை போட்டாச்சு, எத்தனை கிணறு இறைச்சாச்சு? வாற கடிதங்களை வைச்சு ஆர் எண்ணுறது?"

"நான் எண்ணுறன் சுவாமி," என்றேன். அங்கே என் தங்கச்சி கூரையில்லாமல் இருந்தாள். கூரை குறைவு என்று தெரிந்தால் தகடு போகும்.

பூசை முடிய ஆட்கள் கடிதம் வாசிப்பார்கள். கூரை போட்ட வீட்டுக்கு ஒரு கடலை, இறைத்த கிணற்றுக்கு ஒரு மைசூர்ப்பருப்பு. இரண்டு போத்தலில் சேர்த்தேன். வீட்டில் வைத்தால் மருமகன் சிரிப்பார் என்று, வியா மக்வேதா வீதியில் நான் வேலைசெய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவின் குசினியில் அடுப்புப் பக்கம் வைத்தேன்.

சூசையப்பர் திருநாளுக்குப் பலெர்மோச் சனம் வீட்டில் மிஞ்சிய கடலை பருப்பெல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிக் காய்ச்சும். (எனக்கு ஆர் சொன்னது?) அன்று போனால், என் போத்தல்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. சிஞ்ஞோராவின் புருஷன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மஞ்சாரே வேண்டாம்," என்றேன், சாப்பிடுகிறதுக்கு எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொல்லை வைத்து. "அது எங்கடை ஊர்."

அவருக்கு விளங்கவில்லை. ஊரை விழுங்கிவிட்டு, உப்புப் போதாது என்று மனைவியிடம் சொன்னார்.

அன்று பின்னேரமே கோவிலில் கணக்குச் சொல்லும் கூட்டம். போத்தல் கதையைச் சொன்னால் எழுதத் தெரியாதது வெளிவரும். மிச்சச் சூப்பை வடித்து எண்ணினேன். பருப்பு ஒன்றுமில்லை, கரைந்துவிட்டது. கடலையோ முடிகிறபாடில்லை. சிஞ்ஞோரா தன்னுடையதையும் ஒரு பிடி போட்டிருக்கிறா.

"கூரை நூற்றிப்பதினேழு, சுவாமி. கிணறு ஒண்டுமில்லை."

"ஊரிலை அறுபது வீடெல்லே அக்கா?"

"முன்னேறியிருக்கு," என்றேன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

இத்தாலிக்காரர் அந்த முன்னேற்றத்துக்குக் கைதட்டினார்கள். இனித் தகடு தேவையில்லை, கிணறில்லாத சனம் பாவம் என்று தண்ணீர்ப் பம்பு அனுப்பினார்கள்.

தங்கச்சியின் கடிதத்தை மருமகன்தான் வாசித்தார்: "அக்கா, பம்பு வந்தது. இந்த மாரிக்கு மேலாலையும் தண்ணி, கீழாலையும் தண்ணி."

அன்று சுவாமியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவளுக்குக் கூரை போட, அதே குசினியில் இரண்டு வருஷம் ஞாயிறும் வேலைசெய்தேன்.

இன்றும் நான் சூப் வைத்தால் மருமகன் கோப்பையை நீட்டுவார். "மாமி, எனக்கு ரெண்டு வீடு காணும்."

நான் நாலாக ஊற்றுவேன்.